கெட்டிலில் 80 டிகிரி, கோப்பையில் எத்தனை? தேநீருக்கு வெப்பநிலைக் கெட்டில் வாங்குவது பற்றி

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் கொண்டுவந்த சென்சா என்ற ஜப்பானியக் கிரீன் டீயில் வழக்கம்போல் தளதளவென்று கொதித்த நீரை ஊற்றியதாகவும், அது வாயில் வைக்க முடியாதபடி கசந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெந்நீரின் சூட்டை 70, 80 என்று நாமே குறித்துவைக்கக்கூடிய மின்கெட்டில் வாங்கினால் இது சரியாகுமா, அதை மகனே அங்கிருந்து வாங்கி வரலாமா, வீட்டில் மற்றவர்கள் குடிக்கும் பால் டீக்கும் அது உதவுமா என்பன உங்கள் கேள்விகள். வீடு சென்னையில், குழாயில் ஆழ்துளைக் கிணற்று நீர், மே மாதம் முழுவதும் குன்னூரில் என்ற விவரங்களையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. மூன்றுமே பதிலை மாற்றக்கூடியவை.

பால் டீயை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நாம் வீட்டில் பயன்படுத்தும் டஸ்ட் டீத்தூள் கொதிநீருக்கென்றே செய்யப்பட்டது. அதை அடுப்பில் கொதிக்கவிட்டுச் சாயம் இறக்கி, பால் சேர்த்து மறுபடி பொங்கவிட்டு வடிகட்டுவதற்கு எந்த டிகிரிக் கணக்கும் வேண்டாம். கெட்டிலில் பாலை ஊற்றிக் காய்ச்சும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அடித்தட்டில் பால் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலத்தால் சூட்டை அளக்கும் உணரி ஏமாறும், பொங்கி வழிந்தால் கீழே உள்ள மின் இணைப்பு வரைக்கும் போகும். ஆக, இந்தக் கருவி சென்சாவுக்கும், அதைப் போல் இலையாகவே ஊறவைத்துப் பால் சேர்க்காமல் குடிக்கும் தேநீர் வகைகளுக்கும் மட்டுமே உரியது.

கசந்ததற்குக் காரணம் இலையின் தரம் அல்ல. தேயிலையில் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களும் கசப்பில் பங்குள்ள காஃபீனும் நீரின் சூடு ஏற ஏற வேகமாக இறங்குகின்றன. குடித்த பிறகும் நாக்கில் தங்கும் இனிமைக்கும், பருப்புத் தண்ணீரை நினைவூட்டும் அந்தச் செறிவுக்கும் காரணமான தியனின் என்ற அமினோ அமிலமோ சற்று ஆறிய நீரிலேயே தாராளமாகக் கரைந்துவிடும். ஆகவே சூட்டைக் குறைத்தால் இனிமை ஏறக்குறைய அப்படியே நிற்க, கசப்பும் துவர்ப்பும் பின்தங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சென்சா இலை நீராவியில் அவிக்கப்பட்டு ஊசிபோல் உருட்டப்படும்போது நிறையவே நொறுங்குவதால், சீனத்தில் வாணலியில் வறுத்தெடுக்கும் முழு இலைகளைக் காட்டிலும் மிக விரைவாகச் சாயம் இறங்கும். 200 மில்லிலிட்டர் நீருக்கு 5 கிராம் இலை, 70 முதல் 80 டிகிரி, 1 நிமிடம் என்று தொடங்கிப் பாருங்கள். அதே இலையில் இரண்டாம் முறை ஊற்றும்போது அரை நிமிடமே போதும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிழலில் வளர்த்துப் பறிக்கும் கியோகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி. லோங்ஜிங் போன்ற சீனக் கிரீன் டீக்கு 75 முதல் 85. வெள்ளைத் தேநீருக்கு 80 முதல் 90. டார்ஜிலிங்கின் முதல் பருவத் தேயிலைக்கு 85 முதல் 90. ஊலாங்குக்கு 90ஐ ஒட்டி. நம் நீலகிரியின் முழு இலைக் கறுப்புத் தேயிலைக்கு 95க்குக் குறையாமல். கறுப்புத் தேயிலையில் கேட்டகின்களில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றத்தில் வேறு பொருள்களாக மாறிவிட்டிருப்பதால், அவற்றின் நிறமும் மணமும் வெளிவர நல்ல சூடு வேண்டும். சுவைச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 3103 தரநெறி எந்தத் தேயிலையாக இருந்தாலும் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், கொதிக்கும் நீர், 6 நிமிடம் என்று சொல்வதைச் சிலர் எடுத்துக்காட்டி, சூட்டுக் கணக்கெல்லாம் வீண் என்பார்கள். அந்த நெறி தேயிலைகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவதற்காக எழுதப்பட்டது. இன்பமாகக் குடிப்பதற்கு அன்று.

பணத்தைச் செலவிடும் முன் இரண்டு வாரம் கெட்டில் இல்லாமலே முயலுங்கள் என்பது என் முதல் யோசனை. ஜப்பானில் கொதிநீரை ஆற்றுவதற்கென்றே யுஸமாஷி என்ற மூக்கு வைத்த பீங்கான் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு டபராவும் தம்ளரும் செய்யும் வேலைதான் அது. கொதித்த நீரை டபராவில் ஊற்றித் தம்ளருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும், பாத்திரத்தின் கனத்தையும் தூக்கி ஆற்றும் உயரத்தையும் பொறுத்து, சுமார் 5 முதல் 10 டிகிரி இறங்கும். இதைவிடத் துல்லியமான வழியும் உண்டு. மூன்று பங்கு கொதிநீரோடு அறைச் சூட்டில் உள்ள குடிநீரை ஒரு பங்கு கலந்தால், சென்னையின் 28 டிகிரித் தண்ணீருக்குக் கணக்குப்படி 82 டிகிரி வரும். கணக்கில் பிழையே வராத, மின்சாரமும் கூடுதலாகக் கேட்காத முறை இது. நான் பல மாதங்கள் இதையே செய்தேன். பிறகு ஏன் கெட்டில் வாங்கினேன் என்றால், ஒரே இலையில் மூன்று முறை, நான்கு முறை நீர் ஊற்றிக் குடிக்கும் பழக்கம் வந்த பிறகு ஒவ்வொரு முறையும் அளந்து கலப்பதில் சலிப்பு ஏற்பட்டது, அவ்வளவுதான். உங்களுக்கும் அந்தச் சலிப்பு வந்தால், அதுவே கெட்டில் வாங்குவதற்கு உரிய சமயம்.

வாங்குவதாக முடிவு செய்தால், எண்பலகையில் எத்தனை எண்கள் தெரிகின்றன என்பதைக் காட்டிலும், குறித்த எண்ணை நெருங்கும்போது கெட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே முக்கியம். ரூ. 1,000க்குள் கிடைக்கும் சாதாரணக் கெட்டில் சூட்டை அளப்பதே இல்லை. நீர் கொதித்து எழும் ஆவி, கைப்பிடிப் பக்கத்தில் உள்ள துளை வழியாக ஓர் ஈருலோகத் தகட்டை எட்ட, தகடு சட்டென்று வளைந்து விசையை அணைக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் அது அணையாமல் கொதித்துக்கொண்டே இருப்பது இதனால்தான். வெப்பநிலைக் கெட்டிலிலோ பெரும்பாலும் அடித்தட்டை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூட்டுக்கு ஏற்ப அதன் மின்தடை மாறுவதைச் சிறு மின்னணுச் சுற்று படித்து, குறித்த அளவு வந்ததும் சூடேற்றியை நிறுத்தும். அப்படி நிறுத்திய பிறகும் சூடேற்றியிலும் அடித்தட்டிலும் தங்கியிருக்கும் வெப்பம் நீருக்குள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நல்ல கெட்டில் இதை முன்கூட்டியே கணித்து, 75ஐத் தாண்டும்போதே மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தி மெல்ல 80க்கு வரும். மட்டமானது முழு வேகத்தில் 80 வரை ஓடி, அதன் பிறகு தடுக்க ஆளில்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போகும்.

நான் முதலில் வாங்கியது இரண்டாவது ரகம். அதன் பெயர் இங்கே வேண்டாம். 80க்குக் குறித்து ஒரு லிட்டர் ஊற்றினால் 82 வந்தது. அதே குறியில் 300 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றியபோது, பலகையில் 80 என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, உள்ளே விட்ட சமையல் வெப்பமானி 86 காட்டியது. நீர் குறையக் குறைய மிச்ச வெப்பத்தைத் தாங்க ஆள் குறைவு என்பதால் பிழை பெருகியது. தனியாளாக ஒரு கோப்பை போடுகிறவருக்குத்தான் துல்லியம் தேவைப்படுகிறது. அவருக்குத்தான் இந்தக் கெட்டில் அதிகம் பிழை செய்தது. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நீங்கள் நாள்தோறும் ஊற்றப் போகும் அளவுக்கே நீர் ஊற்றி 80க்குக் குறியுங்கள். ஓசை வந்ததும் மூடியைத் திறந்து ஒருமுறை கலக்கி, வெப்பமானியின் நுனி அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் நிற்கப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவேன்.

இரண்டு மூன்று டிகிரியைப் பொருட்படுத்தாததற்குக் காரணம், கெட்டிலின் சூடு வேறு, இலையின் மேல் விழுந்த நீரின் சூடு வேறு என்பதே. 80 டிகிரி நீர் 250 மில்லிலிட்டரை அறைச் சூட்டில் இருக்கும் கனமான பீங்கான் குவளையில் ஊற்றினால், பீங்கான் தன் பங்கைக் குடித்த பிறகு நீர் 70ஐ நெருங்கிவிடும். சென்சாவுக்கு அது நல்லதாகவே முடியலாம். ஊலாங்குக்கும் கறுப்புத் தேயிலைக்கும் அது நட்டம் என்பதால், குவளையை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குவளை பத்து டிகிரியை எடுத்துக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிக் குறைக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 70, 80, 90, 100 என்று நான்கைந்து பொத்தான்கள் இருந்தால் தேநீருக்கு நிறைவாகப் போதும். கியோகுரோ மேல் ஆசை வந்தால் மட்டும் 50 வரை இறங்கும் கெட்டிலாகப் பாருங்கள்.

இதைவிடப் பயனுள்ள இரண்டு வசதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, குறித்த சூட்டிலேயே நீரை 30 நிமிடமாவது நிறுத்திவைப்பது. அதோடு, கெட்டிலைத் தளத்திலிருந்து தூக்கி ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்ததும் பழைய குறியை மறக்காமல் தொடர்வது. சில கெட்டில்கள் தூக்கிய நொடியே எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியதாகிவிடும். அமெரிக்காவில் நெடுநாளாக விற்பனையில் உள்ள குசினார்ட் சிபிகே-17 இதில் நல்ல எடுத்துக்காட்டு: 1.7 லிட்டர், 1500 வாட், ஆறு பொத்தான்கள், 30 நிமிடம் சூடு காப்பது, தூக்கி வைத்தால் 2 நிமிடம் வரை நினைவு. அந்த ஆறு பொத்தான்களில் உள்ள எண்கள் பாரன்ஹீட்டில் இருக்கும். 175 என்றால் நம் கணக்கில் 79 டிகிரி. மற்றொன்று, முதலில் முழுவதும் கொதிக்கவிட்டுப் பிறகு குறித்த சூட்டுக்கு ஆறும்வரை காத்திருக்கும் வசதி. 70 டிகிரியில் நிறுத்திய நீர் கொதித்த நீர் அன்று என்பதை மறக்கக் கூடாது. கேன் தண்ணீரோ ஆர்ஓ நீரோ ஊற்றினால் கவலையில்லை; குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவதானால் கொதிக்கவிட்டு ஆற்றுவதே முறை.

குன்னூருக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை 1 டிகிரி குறையும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னும் மேலே உள்ள உதகையில் 93ஐ ஒட்டி. அங்கே வெப்பநிலைக் கெட்டிலில் 100 என்று குறித்தால், எட்டவே முடியாத இலக்கை நோக்கி அது கொதித்துக்கொண்டே இருக்கக்கூடும். சூடு மேலே ஏறாமல் நின்றுவிட்டதை உணர்ந்து தானாக அணையும் கெட்டில்களும் உண்டு, ஊரின் உயரத்தைக் குறித்துவைக்கும் வசதி உள்ளவையும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்பதை முதல் நாளே பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். ஆவியை நம்பி அணையும் சாதாரணக் கெட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது வேடிக்கை. சென்சாவைப் பொறுத்தவரை மலையும் கடற்கரையும் ஒன்றுதான். 80 எங்கும் 80. ஆனால் மேலே சொன்ன மூன்றுக்கு ஒரு பங்குக் கலவையைக் குன்னூரில் அப்படியே செய்தால், கொதிநீரும் கலக்கும் தண்ணீரும் இரண்டுமே சூடு குறைந்தவை என்பதால் 75ஐ ஒட்டியே வரும்.

மகன் வாங்கி வருவது பற்றி என் பதில், வேண்டாம் என்பதே. அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், அங்கே 1500 வாட்டாக இருந்தது இங்கே 5500 வாட்டாக மாற முயன்று, சில நொடிகளில் தானும் கெட்டு, வீட்டு ஃபியூஸையும் கொண்டுபோய்விடும். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது. பயணத்துக்கென்று விற்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வாட்டைத் தாங்காது. தாங்கக்கூடியது கெட்டிலைவிட விலையும் எடையும் மிக்கது. இங்கிலாந்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தால் மின்னழுத்தம் ஒத்துப்போகும், பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் இங்கிலாந்தின் கெட்டில்களில் பல 3000 வாட் வரை இழுப்பவை; 13 ஆம்பியரைத் தாண்டாவிட்டாலும், நம் வீட்டில் பருத்த முள் கொண்ட 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் மட்டுமே செருகலாம்.

இங்கே வாங்கும் கெட்டிலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. சாதாரணச் சாக்கெட்டின் 6 ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் 1380 வாட். கடையில் பரவலாகக் கிடைக்கும் 1500 வாட் கெட்டில் அதைச் சற்றுத் தாண்டிவிடுகிறது. சமையலறை மேடையில் பவர் சாக்கெட் இருந்தால் கவலையில்லை. இல்லாமல், பெரிய பிளக்கைச் சின்னச் சாக்கெட்டில் நுழைக்கும் கன்வெர்ட்டரை வாங்கிச் செருகியதில், எங்கள் வீட்டில் ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம்; கன்வெர்ட்டர் சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. ஒருவர் இருவர் குடிக்க 1000 முதல் 1300 வாட் தாராளம். அரை லிட்டர் நீரை 28லிருந்து 80க்கு ஏற்ற 1200 வாட் கெட்டிலுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டரில் இதைப் போடாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் மட்டுமன்றிக் கெட்டிலின் அடியிலும் பாருங்கள்.

கொள்ளளவில், பெரியதே நல்லது என்று கடையில் சொல்வதைக் கேட்காதீர்கள். 1.7 லிட்டர்க் கெட்டில் பலவற்றில் குறைந்தது அரை லிட்டராவது ஊற்ற வேண்டும் என்ற கோடு இருக்கும். 200 மில்லிலிட்டர்ச் சென்சாவுக்கு மீதி நீர் வீணாகச் சூடாகும். 0.8 முதல் 1 லிட்டர், குறைந்த அளவுக் கோடு 300ஐ ஒட்டி என்று தேடுங்கள். கெண்டி போல் மெல்லிய வளைந்த மூக்குள்ளவை, ஃபெல்லோ நிறுவனத்தின் 0.9 லிட்டர் ஸ்டேக் இகேஜி போன்றவை, பார்க்க அழகாகவே இருக்கும். அவை காபித்தூளின் மேல் நூல்போல் நீர் விடுவதற்காகப் பிறந்தவை. தேயிலைக்கு அந்த மூக்கு தேவையில்லை. கறுப்புத் தேயிலைக்குச் சட்டென்று கொட்டும் அகன்ற வாயே மேல். நீர் படும் இடமெல்லாம், மூடியின் உட்புறமும் சேர்த்து, எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் உள்மூடியின் வாடை கறுப்புத் தேயிலையில் மறைந்துவிடும், சென்சாவில் மறையாது. கை நுழையும் அளவுக்கு வாய் அகலமாக இருந்தால் கழுவ எளிது.

கழுவுவது சென்னையில் சின்ன வேலை இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், கால்சியமும் மக்னீசியமும் சில வாரங்களிலேயே அடித்தட்டில் வெள்ளைப் படிவாக ஏறும். சாதாரணக் கெட்டிலில் அது அழகுக் குறைவு, கொஞ்சம் மின்சாரச் செலவு. வெப்பநிலைக் கெட்டிலிலோ உணரிக்கும் நீருக்கும் நடுவே அந்தப் படிவு போர்வைபோல் நின்று, வாங்கிய அன்று 80க்கு 81 காட்டியதை ஆறு மாதத்தில் வேறெங்கோ கொண்டுபோய்விடும். ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டுக் கொட்டி, வெறும் நீரை இரண்டு முறை கொதிக்கவிட்டுக் கழுவினால் போய்விடும். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். சென்சாவுக்குக் கேன் தண்ணீரையே பயன்படுத்தினால் இந்த வேலையும் அரிதாகும், சுவையும் கூடும். ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். அந்த இலை அந்த நீருக்குப் பழகியது.

ஆகவே உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன். இப்போது இருக்கும் சாதாரணக் கெட்டிலில் கேன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, டபராவில் இரண்டு முறை ஆற்றிச் சென்சா போடுவேன். திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் குடித்து முடிப்பேன். முடிந்த பிறகு அடுத்த பொட்டலம் வாங்கத் தோன்றினால், 1 லிட்டருக்கு மேற்படாத, 1300 வாட்டுக்குள் அடங்கும், நான்கைந்து பொத்தான்களும் சூடு காக்கும் வசதியும் உள்ள கெட்டிலை இங்கேயே உத்தரவாதத்தோடு வாங்கி, வந்த அன்றே வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். மகனிடம் கெட்டிலுக்குப் பதிலாக அந்தச் சமையல் வெப்பமானியை வாங்கி வரச் சொல்லுங்கள். அது பேட்டரியில் ஓடுவது.